தாம்பூலத் தட்டும் மூன்று மாடிகளும்

தன்மானம் உள்ளவன் மகன் வீட்டில் நிரந்தர விருந்தாளியாக இருக்கக்கூடாது என்பது பொது விதி. அந்த விதியை வகுத்தவன் நான். அதனால் அவதிப்பட்டவனும் நான் ஒருவனே.

மனைவி காலமான பிறகு, பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில் தனியே இருந்த என்னைச் சென்னைக்கு வரச் சொன்னான் மகன் செல்வம். வந்தேன், ஆனால் அவன் வீட்டுக்கு அல்ல. இரண்டு தெரு தள்ளி, ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடொன்றை வாடகைக்கு எடுத்தேன். (குப்பத்தில் முதன்முதலாகப் பி.ஏ. முடித்தவன், மருமகளிடம் காபி கேட்டு நிற்பதா?)

செல்வம் ஒரு நிபந்தனை விதித்தான்.

“தனி ஆளுக்கு வூடு தர்றதே பெரிசு நைனா. ஒரு கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா, பொட்டியைக் கட்டிக்கினு நம்ம வூட்டுக்கு வந்துடணும்.”

“எம்மேல எவன்டா கம்ப்ளைன்ட் சொல்லுவான்?” என்றேன்.

சில வாரங்கள் கழிந்தன. அக்கட்டடத்தில் என்னோடு பேசியது லிஃப்ட் மட்டுமே. அது மாடியின் எண்ணைச் சொல்லும், நான் தலையசைப்பேன். எதிர்வீட்டில் எத்தனை பேர் என்பதை வாசலில் கிடந்த செருப்புகளைக் கொண்டே அனுமானித்திருந்தேன்.

பிழை என்னுடையதே என்று ஒரு காலையில் விளங்கிற்று. எங்கள் குப்பத்தில் புதிதாகக் குடியேறுபவன், வெற்றிலை பாக்குத் தட்டோடு ஊர்ப் பெரியவர்கள் முன் நின்று, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்ல வேண்டும். அதன் பிறகே அவன் ஊரில் ஒரு தலைக்கட்டு. நல்லது கெட்டதற்குக் கதவு தட்டப்பட வேண்டியவன். நானோ முறைப்படி குடியேறவே இல்லை.

பட்டுக்கரை வேட்டி, அங்கவஸ்திரம், பித்தளைத் தட்டில் தாம்பூலம், ஒரு சீப்பு வாழைப்பழம். புறப்பட்டேன்.

முதல் மாடியில் ஒருவர் கதவைத் திறந்தார்.

“கல்யாணம் என்னிக்கு சார்?”

“கல்யாணம் இல்லை. நான் குடியேறியிருக்கிறேன்.”

அவர் சற்று யோசித்து, ஒரு பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

இரண்டாம் மாடியில் ஓர் அம்மாள் சங்கிலி இடுக்கு வழியே பார்த்தார். “எங்க ஓட்டெல்லாம் ஊர்லதாங்க இருக்கு” என்றார். அத்துடன் முடிந்தது.

எதிர்வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அங்கே சற்று நேரம் உட்காரலாம் என்பது எண்ணம். அழைப்புமணியில் ஒரு கண்ணாடிக் கண் இருந்தது. அதிலிருந்து ஒரு பெண்குரல், “யாருங்க?” என்றது.

நிமிர்ந்து நின்று தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், படித்த படிப்பு யாவும் சொன்னேன். என் பேச்சை ஒருவர் கேட்டு வெகு நாளாகியிருந்ததால் சற்று நீட்டினேன். மனைவி காலமான விவரத்தையும் சேர்த்தேன்.

அப்போது லிஃப்ட் திறந்து, மாற்றுப் பணிக்கு வந்திருந்த வாட்ச்மேனும் குடியிருப்போர் சங்கச் செயலாளரும் இறங்கினார்கள்.

“இன்னா பெருசு, மூடுன கதவாண்ட நின்னுக்கினு யாராண்ட பேசினுக்கீற?” என்றான் வாட்ச்மேன்.

செயலாளர் தம் கைபேசியை நீட்டினார். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், அந்தக் கண்ணாடிக் கண் எடுத்த என் படம்: கையில் தட்டு, வாய் திறந்த கோலம். ‘இவர் யார்? யாருக்காவது தெரியுமா?’ என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டிருந்தார். கீழே வரிசையாக, ‘தெரியாது’, ‘எங்களுக்கும் தெரியாது’. முழுவதையும் படித்தேன். தெரியும் என்று எவரும் எழுதியிருக்கவில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் மகனின் எண் இருந்தது. அழைத்தார்கள். நிபந்தனையை நிறைவேற்றும் முகத்தோடுதான் செல்வம் வந்தான். செயலாளர் விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள், அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

“காலிங்பெல்லுக்கா நைனா தாம்பூலம் வெச்சே?”

கண்ணில் நீர் வரச் சிரித்தான். வாட்ச்மேனும் சிரித்தான். சிரித்த சிரிப்பில் செல்வம் நிபந்தனையை மறந்துவிட்டுப் போனான். நினைவூட்டுவது என் கௌரவத்துக்கு ஒவ்வாது. (இன்னொரு முறை கூப்பிட்டிருந்தால், என் பெட்டி சிறியதுதான், கட்ட நேரமாகியிருக்காது.)

அன்றே என்னையும் அக்குழுவில் சேர்த்தார்கள். தண்ணீர் லாரி வரும் நேரத்தைத் தவிர அதில் எவரும் எதுவும் பேசுவதில்லை.

செல்வத்தின் வீட்டிலோ பேச்சுக்குக் குறைவில்லை. விருந்தினர் எவர் வந்தாலும், “எங்க நைனா காலிங்பெல்லுக்குத் தாம்பூலம் வெச்ச கதை தெரியுமா?” என்று தொடங்குகிறான். வாட்ச்மேன் என் கையைப் பிடித்து இழுத்ததாகச் சொல்கிறான், இல்லை. நான் அந்த மணியைக் கும்பிட்டதாகக்கூடச் சொல்கிறான். இத்தகைய பிழைகள் என் பெயருக்குக் கேடு. அவற்றை உடனுக்குடன் திருத்த வேண்டியிருப்பதால் மட்டுமே, ஞாயிறுதோறும் அங்கே சாப்பிடப் போகிறேன்.