கருங்கோடரியின் வெளியுறவுத் துறை

பேரரசுகள் எழுந்ததையும் வீழ்ந்ததையும் பற்றி அலமாரி அலமாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ‘கருங்கோடரி’ ராக் குழு உடைந்ததையும் ஒட்டியதையும் பற்றி மட்டும் நம்பகமான வரலாறு ஒன்றுகூட இல்லை. மனித குலத்தின் இந்தக் குறையைப் போக்கும் தகுதி எனக்கு ஒருவனுக்கே உண்டு. எத்தனையோ முறை உடைந்த அந்தக் குழுவைவிட்டு ஒருமுறைகூட விலகாதவன் நான். டிரம்மரும் விலகவில்லைதான். ஆனால் அவர் எப்போதும் காதில் பஞ்சு வைத்திருப்பவர். குழு உடைந்த செய்தி அவருக்கு எட்டியதே இல்லை.

நான் வாசிப்பது பேஸ் கிடார். தடித்த கம்பிகள் நான்கு, கீழே உறுமும். இல்லாவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள், இருந்தாலும் கவனிப்பதில்லை. ரசிகர்கள் படம் எடுத்துக்கொள்ள ஓடிவரும்போது கேமராவை என் கையில்தான் கொடுப்பார்கள்.

எனவே எனக்கு வேறொரு பொறுப்பு அமைந்தது. பாடகர் ‘சிங்கமும்’ கிடார் கலைஞர் ‘மின்னலும்’ நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. மேதைகள் அப்படித்தான். வேனில் ஒருவர் முன் இருக்கை, ஒருவர் பின் இருக்கை, நடுவில் நான்: குழுவின் வெளியுறவுத் துறை.

“குளிருது. ஜன்னலை மூடச் சொல்லுப்பா அவனை” என்பார் சிங்கம்.

நான் பின்னால் திரும்புவேன். “ஜன்னலைத் திறந்துவெச்சு அவர் தொண்டையைக் கெடுக்கப் பாக்கறியாம்.”

இதை ‘மாற்றிச் சொல்வது’ என்பவர்கள் ராக் இசையின் அடிப்படை தெரியாதவர்கள். குழுவில் ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. சொற்களுக்கு மட்டும் வேண்டாமா?

முதல் மாபெரும் பிளவு ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிகழ்ந்தது. “சோலோவைக் கொஞ்சம் சுருக்கிக்கலாமான்னு கேளு” என்றார் சிங்கம். இவ்வளவு மென்மையான வாக்கியம் எங்கள் குழுவின் கௌரவத்துக்கு உகந்ததல்ல. “நீ வாசிச்சு முடிக்கறதுக்குள்ள ஜனங்க வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்துடறாங்களாம்” என்று கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மின்னல் கிடாரைக் கீழே வைத்தார். பிறகு, “தொண்டை கட்டியிருக்கும், அதான் எரிஞ்சு விழறான். வெந்நீர் குடிக்கச் சொல்லு” என்றார்.

“உன் தொண்டை வெந்நீர் ஊத்தினாலும் தேறாதாம்” என்றேன் சிங்கத்திடம்.

மைக் ஸ்டாண்டு கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போனது. மறுநாள் நிருபர்கள் வந்தார்கள். சிங்கம் பேச மறுத்தார். மின்னல் கதவைத் திறக்கவில்லை. வாசலில் அகப்பட்டது நான். “கலை சார்ந்த கருத்து வேறுபாடு” என்று கனத்த குரலில் அறிவித்தேன். என் புகைப்படம் பத்திரிகையில் வந்தது அதுவே முதல்முறை. குழு ஒற்றுமையாக இருந்த காலங்களில் எந்த நிருபரும் என் பெயரைக் கேட்டதில்லை. பிளவுக் காலங்களில் தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டார்கள். வரலாறு இதை இணைத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

இப்படி உடைந்தும் ஒட்டியும் எங்களுக்கு முடி நரைத்தது. சிங்கத்துக்கு முடியே போனது. இந்த ஆண்டு ஒரு நிறுவனம் எங்களைக் கூட்டி, சனிக்கிழமை மறுஇணைவுக் கச்சேரி என்று அறிவித்தது. இதுவும் உடைந்தால் இனிச் சேர வயதில்லை. நல்லபடியாக நடந்துவிட்டாலோ, என் துறைக்கு வேலையில்லை. மறுபடியும் கேமரா பிடிக்க வேண்டியதுதான்.

இந்த நெருக்கடியான வேளையில் எனக்குக் குரல் போய்விட்டது. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார் மருத்துவர். ஒத்திகைக்கு என் மனைவி துணைக்கு வந்தாள். அவள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்.

நாற்காலிக் கிடங்கின் பின்னறையில் ஒத்திகை. மின்னல் வழக்கம்போல் என்னைப் பார்த்தார்; நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் மனைவியிடம் திரும்பினார்.

“அண்ணி, இந்தப் பாட்டை அரை சுருதி இறக்கிக்கலாமான்னு கேளுங்க. எனக்கும் விரல் முன்ன மாதிரி ஓடல.”

அவள் சிங்கத்திடம் சொன்னாள். “அரை சுருதி இறக்கிக்கலாமான்னு கேக்கறார். அவருக்கும் விரல் முன்ன மாதிரி ஓடலையாம்.”

சிங்கம் திகைத்தார். “என்னைக் கிழவன்னு சொல்லலையா?”

“இல்லீங்க.”

“நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க அண்ணி. பாதியை விட்டிருப்பீங்க.”

“இருபது வருஷ சர்வீஸ். கொலைக் கேஸ்லகூட ஒரு வார்த்தை விட்டதில்ல.”

நான் எழுந்து கைகளை ஆட்டினேன். தவளை போல ஒரு சத்தம் வந்தது. யாரும் மதிக்கவில்லை. சிங்கம் மெல்லத் திரும்பி, மின்னலின் முகத்தைப் பார்த்தே கேட்டார்: “டேய், அன்னிக்கு வெந்நீர்னு என்னடா சொன்னே?”

“குடிக்கச் சொன்னேன்டா! உனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சே! நீதானே என் சோலோ முடியறதுக்குள்ள ஜனங்க தூங்கி எழுந்து வந்துடறாங்கன்னு சொல்லி அனுப்பினே?”

“தூங்கறது, எழுந்து வர்றதுன்னு நான் எதுவும் சொல்லலடா.”

“அப்ப யாருடா சொன்னது?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். டிரம்மர்கூட ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

கச்சேரி பற்றி எழுத வந்து மூலையில் உட்கார்ந்திருந்த நிருபர், குறிப்பறிந்து மைக்கை என் பக்கம் நீட்டினார். “சார், இத்தனை பிளவுலயும் உங்க பங்கு என்ன?”

குழு ஒன்றாக இருக்கும்போது என்னை ஒருவர் கேள்வி கேட்டதே இல்லை. நெஞ்சு விம்மியது. மனைவியின் காதில் மூச்சுக்காற்றாகச் சொன்னேன்: “குழுவைக் கட்டிக் காத்ததே நான்தான்னு சொல்லு.”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அந்த இருவரிடமும் சொன்னாள்:

“மன்னிச்சிடுங்கன்னு கேக்கறார்.”

“சரி, விடு” என்றார் சிங்கம். “சனிக்கிழமை வந்து சேரு. குரல் வந்துட்டாலும் வாயைத் திறக்காதே.”

கச்சேரி அமோகமாக நடந்தது. நிருபர்கள் அவர்கள் இருவரோடும் போனார்கள். நான் கேமரா பிடித்தேன். அதுவல்ல என் வருத்தம். என் மனைவியின் செயலைத்தான் வரலாற்றின் முன் வைக்கிறேன். இரண்டு பேருக்கு நடுவே நின்றுகொண்டு, சொன்னதை ஒன்றாகவும் சேர்ப்பித்ததை வேறாகவும் ஆக்குவதா? அப்படிப்பட்ட ஆளை எந்தக் குழுவாவது ஒரு நாள் வைத்திருக்குமா?