என் மனுவுக்கு நானே எழுதிய பதில்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தங்கை நலம். என் நலம் தற்போது பதவி உயர்வு மேற்பார்வை ஆணையத்தின் பரிசீலனையில் இருக்கிறது. தங்கள் நலத்தைப் பரிசீலனை ஏதுமின்றித் தெரிவிக்கவும்.

"மனுவை வாபஸ் வாங்கிட்டு நிம்மதியா இருங்க மாப்பிள்ளை" என்று தொலைபேசியில் தாங்கள் அருளிய அறிவுரை கிடைத்தது. வாங்க மாட்டேன். காரணத்தை வாயால் சொன்னால் குரல் உயரும். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

எனக்கு வரவேண்டிய துணை இயக்குநர் பதவி, என்னிடம் வேலை பழகியவருக்குப் போயிற்று. அலுவலகமே அவரை ஆமாஞ்சாமி என்றுதான் அழைக்கும். நேர்காணலில், கேள்வி முடியுமுன்பே அவர் தலையாட்டி உடன்பட்டாராம். அந்தத் தெளிவு குழுவைக் கவர்ந்துவிட்டதாம். முறைகேடு நடக்காமலிருக்க ஆணையம் ஒரு பார்வையாளரை அனுப்பியிருந்தது. வந்தார், பார்த்தார், எங்கள் அலுவலக உணவகத்தில் சாப்பிட்டார், போனார். வாய் திறக்க அவருக்கு அதிகாரம் சாப்பாட்டின்போது மட்டும்தான். எனவே நான் ஆணையத்துக்கு மனு அனுப்பினேன். ஆணையம் ஒருதரப்பை மட்டும் கேட்டு முடிவெடுக்காதல்லவா? மனுவைத் துறையின் விளக்கத்துக்கு அனுப்பியது. துறை அதைப் பணியாளர் பிரிவுக்கு அனுப்பியது. பணியாளர் பிரிவின் தலைவன் நான். ஆக, என் மனு "உடனடிக் கவனத்துக்கு" என்ற சிவப்புச் சீட்டுடன் என் மேசைமீதே வந்து படுத்தது. இயக்குநரிடம் போனேன்.

"வழக்கமா மனுக்களுக்குப் பதில் எழுதறது யாரு? நீங்கதானே?"

"சார், மனு கொடுத்ததே நான்தான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. உங்களைவிட இந்த விஷயம் யாருக்குத் தெரியும்? எழுதிடுங்க."

எழுதினேன். எனக்குச் சாதகமாக எழுதியிருந்தால் அது முறைகேடு. அரைகுறையாக எழுதவோ என் கைக்குத் தெரியாது. துறையின் சார்பில் எழுதுபவன் துறைக்காக வாதாட வேண்டும். மனுதாரர் முன்கோபி, அனுசரித்துப் போகத் தெரியாதவர் என்று நிறுவி, அதற்குச் சான்றாக மனுவின் நடையையே சுட்டிக்காட்டினேன். தேர்வானவரின் பணிவை ஒரு முழுப் பக்கத்துக்குப் புகழ்ந்தேன். வீட்டில் வைத்து எழுதிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்த தங்கள் தங்கை, "உங்களை நீங்களே திட்டிக்கச் சம்பளம் வேற தர்றாங்களா? நான் சும்மாவே செய்றேனே!" என்றாள். குடும்பத்தின் நீதியுணர்ச்சி இந்த அளவில் இருக்கிறது.

விளக்கத்தில் கையெழுத்திட வேண்டியவர் என் மேலதிகாரி, அதாவது புதிய துணை இயக்குநர். ஆமாஞ்சாமி படித்தார். கண் கலங்கிவிட்டது.

"சார், என்னைப் பத்தி எங்கம்மாகூட இவ்வளவு நல்லாச் சொன்னதில்லை."

"கையெழுத்துப் போடுங்க."

"ஆமாம் சார்."

போட்டார். அனுப்பினேன். தன்னையே விட்டுவைக்காமல் எழுதியவனின் நடுநிலைமை, கண்ணுள்ள எந்த ஆணையத்துக்கும் புலப்படாமல் போகாது. அந்த நாற்காலிக்குத் தகுதி யாருக்கு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆகவே மனு நிற்கும்; நானும் நிற்பேன். "வாபஸ்" என்ற சொல்லை இந்த வீட்டுத் தொலைபேசி இனிமேல் கேட்கக்கூடாது.

தங்கள் இல்லத்தரசிக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்தத் தேர்வு எழுதினாலும், படித்துப் பார்த்து மதிப்பெண் போடுபவர்கள் அவர்களுக்கு வாய்க்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
இம்மியும் வளையாத,
தங்கள் தங்கை கணவன்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஆணையத்தின் உத்தரவு வந்துவிட்டது. மனு தள்ளுபடி. துறையின் விளக்கம் எல்லாத் துறைகளுக்கும் முன்மாதிரியாம். அதை எழுதியவர் பணியாளர் பிரிவுக்கு இன்றியமையாதவர் என்பதால், அவரை ஓய்வுபெறும்வரை அங்கிருந்து நகர்த்தக்கூடாதாம், பதவி உயர்வு கொடுத்தும்கூட. மேல்முறையீடு செய்யப் போகிறேன். அதுவும் என் மேசைக்குத்தான் வரும். எனவே இந்த முறை விளக்கத்தை வேண்டுமென்றே மோசமாக எழுதுவது என்று முடிவுசெய்து, முன்கூட்டியே உட்கார்ந்துவிட்டேன். முதல் பத்தி முடிந்திருக்கிறது. பிரமாதமாக வந்திருக்கிறது.