இரண்டாம் நம்பர் பட்டன்

நான் ஒருத்தன் நாலாயிரம் பேருக்குச் சமம். இதை நான் சொல்லவில்லை. யார் என்ன நிகழ்ச்சி பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் சொன்னார். எங்கள் டி.வி.க்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, ஒயரைச் சொருகிவிட்டு, "நாலாயிரம் வீட்டுக்கு ஒரு வீட்டுலதான் சார் இதை வைக்கிறோம். நீங்க எதைப் பாக்கறீங்களோ, அதைத்தான் நாலாயிரம் வீடும் பாக்குதுன்னு எடுத்துக்குவோம்" என்றார்.

அவர் வாசலைத் தாண்டியதும் மனைவியிடம் போனேன். அவள் உள்ளறையில் தையல் மிஷினில் இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர்.

"கேட்டியா? நான் சேனல் மாத்தினா நாலாயிரம் வீடு மாத்துது."

"அந்த நாலாயிரம் வீட்டுலயும் ஈரத் துண்டு கட்டில் மேலதான் கிடக்கா?"

போய் எடுத்துக் கொடியில் போட்டேன், நாலாயிரம் பேர் சார்பாக.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ பெரிய மனிதர்களை மேலே தூக்கிவிட்டிருக்கிறேன். வீட்டில் மட்டும் இன்னும் தரைத்தளத்திலேயே நிற்கிறேன். வேலையில் இருந்தவரை போன் ஓயாது. "சிக்கிக்கிட்டோம், சீக்கிரம் வாங்க" என்று யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இப்போதும் போன் அடிக்கிறது. எடுத்தால் "தையல் அக்கா இருக்காங்களா?" என்கிறார்கள். இருக்கிறார்கள் என்று சொல்லிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பகல் முழுக்க உள்ளறையில் மிஷின் ஓடும். முன்னறையில் நான் ஓடாமல் உட்கார்ந்திருப்பேன். நடுவில் ஒரு கதவு, திறந்தேதான் இருக்கும். ஆனாலும் யாரும் வருவதில்லை.

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வரும் 'தூரக் கப்பல்' தொடர். பத்தொன்பது வருஷமாக ஓடுகிறது. விண்வெளியில் வழி தவறிய ஒரு கப்பல் வீடு திரும்பப் பார்க்கிறது. திரும்பின பாடில்லை. அதில் ஒரு ரேடியோக்காரன். ஒவ்வொரு வாரமும் கதை தொடங்கும்போது ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பான். பதில் வராது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்கிறேன். "இருக்கேன்பா" என்று நான் மெதுவாகச் சொல்வேன். வாரத்தில் என்னை யாராவது தேடுவது அந்த ஒரு தடவைதான்.

முதலில் நாங்கள் மூன்று பேரும்தான் பார்த்தோம். மகள் என் மடியில். மனைவி பக்கத்தில், கேள்விக்கு மேல் கேள்வியாக. "பத்தொன்பது பேர் கப்பல்ல இருக்காங்க, ஒருத்தன் சட்டையிலகூட பட்டன் அறுந்து விழலையே, யாரு தைச்சுக் குடுக்கறா?" என்பாள். பிறகு மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊர் போய்விட்டாள். மனைவி அதற்கும் முன்பே எழுந்து போய்விட்டாள். ஏனென்று தெரியவில்லை. நான் எப்போதோ ஏதோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

பெட்டியோடு ஒரு சின்ன ரிமோட்டும் வந்தது. நாலு பட்டன். ஒன்று எனக்கு, இரண்டு மனைவிக்கு. மூன்று மகளுக்கு என்றேன். "இங்க குடியிருக்கறவங்க மட்டும்தான் சார்" என்று சொல்லி அந்த அம்மாள் மூன்றாம் பட்டன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். நாலாவது விருந்தாளிக்கு. அதை அமுக்கினால் வயது என்ன, ஆணா பெண்ணா என்று பெட்டியே கேட்கும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை சிவப்பு விளக்கு மின்னி 'யார் இருக்கிறீர்கள்?' என்று எழுத்து வரும். இருப்பவர்கள் அவரவர் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் எழுந்து போய்விட்டார் என்று கணக்கு. நிகழ்ச்சி முடிந்ததும் பத்துக்கு எத்தனை மார்க் என்று வேறு கேட்கும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது ஒரு கணக்காம். பார்த்தவர்களுக்கு எவ்வளவு பிடித்தது என்பது இன்னொரு கணக்காம்.

மறுநாள் காலை பேப்பரில் இடி விழுந்தது. 'தூரக் கப்பல் நிறுத்தப்படுமா? பார்வையாளர்கள் சரிவு. இளம்பெண்கள் பார்ப்பதே இல்லை. ஆறு வாரத்தில் முடிவு.'

பேப்பரோடு உள்ளறைக்கு ஓடினேன்.

"என் தொடரை நிறுத்தப் போறாங்களாம்."

"எது, அந்த இடது கை கேப்டன் கதையா?"

"வலது கை. கேப்டனுக்கு வலது கை. பாக்காதவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இடது கையாலதான் சல்யூட் அடிப்பான்."

"பத்தொன்பது வருஷமா பாக்கறவன் நான். நீயா நானா?"

அவள் ஊசிக்கு நூல் கோத்தாள். அந்த அறையில் மிஷின், அதற்கு எதிரே கண்ணாடி பதித்த பீரோ, மூட்டை மூட்டையாகத் துணி. வேறு ஒன்றும் கிடையாது. இந்த அறையை விட்டு நகராதவள் எனக்கு விண்வெளி சொல்லித் தருகிறாள் என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். நாலாயிரம் வீட்டின் பிரதிநிதி சும்மா இருந்தால் எப்படி? ஞாயிறு நாலு மணி. ரேடியோக்காரன் "யாராவது இருக்கீங்களா?" என்றான். "எவ்வளவு பேர் வேணும்?" என்று கேட்டுவிட்டு ஒன்றை அமுக்கினேன். இரண்டை அமுக்கினேன். நாலையும் அமுக்கினேன். வயது? இருபத்தைந்து. ஆணா, பெண்ணா? பேப்பர் என்ன சொன்னது, இளம்பெண்கள் பார்ப்பதில்லை என்றுதானே? பெண் என்று போட்டேன். ஒரே ஆள், மூன்று தலை. மனசு நிறைந்தது. சாப்பிட்ட வயிறும் நிறைந்திருந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயம். நான் தூங்குவதில்லை. கண்ணை மூடிக் கதையை யோசிப்பேன். அப்படி ஒரு நிமிஷம் யோசிப்பதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும். மனைவி வந்து தோளைத் தட்டி, "எந்திரிங்க, அஞ்சரையாச்சு" என்பாள். மார்க் போடும் நேரம் தாண்டியிருக்கும். பரவாயில்லை, தலை எண்ணிக்கை போதும் என்று விட்டுவிடுவேன். இப்படியே ஆறு ஞாயிறு.

ஏழாவது சனிக்கிழமை அந்தக் கணக்கெடுக்கும் அம்மாள் ஃபைலோடு வந்தார். மனைவியையும் கூப்பிடச் சொன்னார். அவள் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து உட்கார்ந்தாள். முன்னறையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல உட்கார்ந்தது எத்தனை காலம் கழித்தோ.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க வீட்டுக் கணக்குல ஒரு சந்தேகம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சரியா நாலு மணிக்கு இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தி வர்றாங்களே, அவங்க யாரு?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும்" என்றாள் அவள்.

அந்த அம்மாள் ஃபைலைப் புரட்டினார். "அதுல பாருங்க, நாலு இருபதுக்கு விளக்கு மின்னும்போது ஒண்ணாம் நம்பரும் பதில் தர்றதில்ல, அந்தப் பொண்ணும் பதில் தர்றதில்ல. அதாவது சாரும் அந்தப் பொண்ணும் ஒண்ணா எந்திரிச்சுப் போயிடறாங்க. ஆறு வாரமும் இதேதான்."

"ஆறு வாரமுமா?" என்றாள் மனைவி, நாடாவைச் சுருட்டியபடி.

வியர்த்துவிட்டது. நாலாயிரம் வீட்டிலும் இந்நேரம் எவனோ ஒருவன் மாட்டிக்கொண்டிருப்பான். வேறு வழியில்லாமல் உண்மையைக் கக்கினேன். "பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. நாலாம் நம்பரை நான்தான் அமுக்கினேன். தொடரை நிறுத்தக் கூடாதுன்னு அமுக்கினேன். சொல்லப்போனா ரெண்டாம் நம்பரையும் நான்தான் அமுக்கினேன்."

"அப்படி இருக்க முடியாதே" என்றார் அந்த அம்மாள். "ரெண்டாம் நம்பர் நாலு இருபதுக்குப் பதில் தந்திருக்காங்க. நாலு நாப்பதுக்கும் தந்திருக்காங்க. அஞ்சு மணிக்கு மார்க் போட்டிருக்காங்க. ஒரு வாரம்கூட விடல. உங்களுக்கு மார்க்கே கிடையாது, நீங்கதான் போயிட்டீங்களே."

"பெட்டி கெட்டுப் போச்சு" என்றேன். முப்பத்திரண்டு வருஷம் மெஷின்களோடு பழகியவன், இதுகூடவா தெரியாது.

"கெடல" என்றாள் மனைவி. "நான்தான்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க குறட்டை விட ஆரம்பிச்சதும் அந்த விளக்கு மின்னுச்சு. கூடவே கீ கீன்னு கத்துச்சு. நீங்க முழிச்சுக்கப் போறீங்களேன்னு ஓடி வந்து என் பட்டனை அமுக்கினேன். அமுக்கினது பொய்யாயிடக் கூடாதேன்னு உக்காந்தேன்."

"உனக்குத்தான் இந்தக் கதையே தெரியாதே."

"ஏன் தெரியாது? பதினாலு வருஷமா பாக்கறேன்."

"எங்கேயிருந்து?"

"உள்ள இருந்துதான். பீரோ கண்ணாடியில டி.வி. தெரியும். நாலு மணிக்கு மிஷினை நிறுத்திடுவேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

கவனித்ததில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடு அமைதியாக இருக்கும். என் தொடருக்கு வீடே மரியாதை தருகிறது என்று நினைத்திருந்தேன்.

"கண்ணாடியில எல்லாம் இடம் வலம் மாறித் தெரியுமில்ல" என்றாள் அந்த அம்மாளிடம். "இந்தப் பெட்டி வந்து, நான் டி.வி. முன்னாடி உக்காந்த பிறகுதான் கேப்டனுக்கு வலது கைன்னு தெரிஞ்சுது. அது ஒண்ணு மட்டும் இவர் சொன்னது சரி."

"ஏன் உள்ள இருந்து பாத்தே? இங்க வந்து உக்காந்தா என்ன?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சட்டைப் பட்டனைப் பத்தி ஒரு நாள் கேட்டேன். 'புரிஞ்சா பாரு, புரியலைன்னா உள்ள போ'ன்னு சொன்னீங்க. போனேன்."

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. துணி அளவு சொல்வதுபோலச் சொன்னாள். நான் இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து "இருக்கேன்பா" என்று டி.வி.க்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பத்தடி தள்ளி ஒருத்தி தனியாக உட்கார்ந்து அதே கதையை இடம் வலம் மாறிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த அம்மாள் மெதுவாக ஃபைலுக்குத் திரும்பினார். "மேடம், அஞ்சு வாரம் ஒன்பது மார்க் போட்டிருக்கீங்க. போன வாரம் மட்டும் ரெண்டு. ஏன்?"

"பின்ன என்னங்க? பத்தொன்பது வருஷமா ஒருத்தன் யாராவது இருக்கீங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்கான். போன வாரம் பதில் வந்துச்சு. அந்த மனுஷன் தூங்கிட்டிருக்கான். கோவம் வராதா?"

"பதில் வந்துச்சா?" என்று நான் எழுந்தே விட்டேன். "ரேடியோவுக்கா? யாரு பேசினா? என்ன சொன்னாங்க?"

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். தொடரைக் காப்பாற்றக் கிளம்பியவனுக்குத் தொடரில் என்ன நடந்ததென்றே தெரியவில்லை. அதை அந்த அம்மாள் ஃபைலில் குறித்துக்கொண்டமாதிரி இருந்தது.

போகும்போது அவர் நல்ல செய்தி ஒன்று சொன்னார். தொடரை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துவிட்டார்களாம். பார்ப்பவர்கள் குறைச்சல்தான், ஆனால் பார்ப்பவர்கள் கடைசிவரை எழுந்து போவதில்லை, மார்க்கும் நல்ல மார்க், ரெண்டு மார்க் போட்டவர்கள்கூட அடுத்த வாரம் வந்துவிடுவார்கள் என்று தெரிகிறது, அதனால்தான் என்றார். "உங்க வீட்டுல ரெண்டாம் நம்பரை மட்டும் கணக்குல வச்சுக்கறோம் மேடம்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து ஒண்ணாம் பட்டன் மேல் ஒட்டினார். நாலாம் பட்டன் மேலும் ஒட்டினார். நாலாயிரம் பேருக்குச் சமமாக இருந்தவன், மகளோடும் இல்லாத பெண்ணோடும் சேர்ந்து டேப்புக்கு அடியில் போனேன்.

மறுநாள் ஞாயிறு. நாலு மணிக்கு மிஷின் நின்றது. மனைவி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள், கையில் ரிமோட்டோடு. நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து இரண்டு பேரும் ஒரே பக்கம். மதியம் அரை வயிறுதான் சாப்பிட்டிருந்தேன், தூங்கவே கூடாது என்று. ரேடியோக்காரன் திரையில் வந்தான். இந்த முறை அவன் எதுவும் கேட்கவில்லை, காதில் மாட்டிக்கொண்டு சிரித்தான்.

"ஏன் சிரிக்கிறான்?" என்றேன்.

அவள் கையைக் காட்டி என்னை அடக்கினாள்.

"போன வாரம் பேசினது யாரு? அவன் வீட்டுலருந்தா? முழிச்சப்புறம் யாரு சொன்னா அவனுக்கு? இந்தப் புது ஆளு யாரு?"

சிவப்பு விளக்கு மின்னியது. 'யார் இருக்கிறீர்கள்?' அவள் இரண்டாம் நம்பரை அமுக்கிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"புரிஞ்சா பாருங்க, புரியலைன்னா உள்ள போங்க."

உள்ளே போய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். அவள் சொன்னது சரிதான், இங்கிருந்து பார்த்தால் கேப்டன் இடது கைக்காரர்.