பச்சைக் காகித ஆராய்ச்சிக்காரர்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லிவிட்டுக் கேலி செய்தால் பாவம் பாதியாகக் குறையும் என்பது என் நம்பிக்கை. மீதிப் பாதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

நான் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் தேநீர் போட்டுக் கொடுத்து, அறைகளைப் பெருக்கித் துடைக்கிறவள். ஒரு நாள் நல்ல காய்ச்சல். சாமான் அறையில் துணி மூட்டைமேல் தலையைச் சாய்த்து, 'சாமி, சாயங்காலம்வரை ஓட்டிக் கொடுத்துவிடு' என்று கண்ணை மூடியதுதான் தெரியும். பதறி எழுந்து வந்து பார்த்தால், நாற்பத்திரண்டு கோப்பைகளும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அதுவும் எப்படி? சின்னதிலிருந்து பெரியதுவரை, நிறம் பார்த்து, கைப்பிடிகளெல்லாம் ஒரே பக்கம் பார்க்க. எங்கள் அலுவலக ஆட்களுக்குக் கோப்பையைக் கழுவவே வராது, இந்த அழகா வரும்? யார் என்று கேட்டேன். ஆளாளுக்கு அடுத்தவரைக் காட்டினார்கள். ஒருவருடைய சட்டை மட்டும் முழங்கைவரை நனைந்திருந்தது.

அந்த ஈரச் சட்டைக்காரர்தான் இன்றைக்கு நம்மிடம் அகப்பட்டவர். இனத்தின் பெயர் ஆராய்ச்சிக் கலைஞர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாதி ஓவியர், பாதி முனைவர். 'படம் போடுகிறவரா?' என்று கேட்டால் 'இல்லை, ஆராய்ச்சி' என்பார். 'ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது?' என்று கேட்டால் 'அது ஒரு கலை, அவசரப்படுத்தக் கூடாது' என்பார். இந்தக் கதவைத் தட்டினால் அந்தக் கதவு வழியாக வெளியே போய்விடுவார்.

எங்கள் ஆராய்ச்சித் தம்பி ஆராய்ந்தது நவீன அலுவலக வேலையை. அதாவது, நாற்காலியில் நாம் எப்படிச் சாய்கிறோம், மணி நாலுக்கு மேல் எத்தனை பெருமூச்சு விடுகிறோம், கூட்டத்தில் தலையாட்டுகிறவர் விஷயம் புரிந்து ஆட்டுகிறாரா, தூக்கத்தில் ஆட்டுகிறாரா என்று ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். எழுத்து சலித்தால் வரைவார். வரைவதும் சலித்தால், வளைந்த குண்டூசிகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு, டப்பாமேல் தேதி எழுதுவார். இதற்குத்தான் பல்கலைக்கழகம் அவரை அனுப்பியிருக்கிறதாம். நாற்பது வயது. ஏழாவது வருடம்.

ஒரு நாள் குப்பைத் தொட்டியைத் தூக்கினேன். ஓடி வந்தார்.

"அக்கா, கொட்டாதீங்க! இன்னிக்கு அதுல ஒரு சோகம் இருக்கு."

"தம்பி, அதுல வாழப்பழத் தோல்தான் இருக்கு."

"அதான்கா சோகம்!"

அவருடைய அம்மா ஒருமுறை அலைபேசியில் கூப்பிட்டார். தம்பி ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டதால் மாடி முழுக்கக் கேட்டது.

"ஏன்டா, ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிக்கணும்னா ஒரு ஆபீஸ்ல வேலைக்குச் சேந்துடலாமில்ல? ஆறே மாசத்துல தெரிஞ்சிடுமே!"

இந்த ஒரு வரியை மறுக்கத்தான் அவர் முன்னூறு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார், பாவம். ஆனால் கெடு நெருங்கிவிட்டது. வருட முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகம் பெயரை அடித்துவிடும். ஏழு வருடமும் தண்ணீரில் போட்ட கோலம். பக்கங்கள் இருந்தன; அவற்றோடு காட்ட வேண்டிய கலைப் படைப்புதான் இல்லை. குண்டூசி டப்பாவைப் பேராசிரியர் ஏற்கெனவே திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போது பிறந்ததுதான் பச்சைக் காகிதம். வெளிர்பச்சைத் தாளில் அழகாகக் கட்டம் போட்டு அச்சடித்துக்கொண்டு வந்தார். பெயர், பிரிவு, நேரம், காரணம், மேலதிகாரி கையெழுத்து. அவ்வளவுதான். எதற்கான காரணம்? அது எங்கேயும் இல்லை.

"இதுதான்கா படைப்பு. யாராவது ஒருத்தர் 'இது எதுக்கு?'ன்னு கேப்பாங்க பாருங்க, அந்த நிமிஷம்தான் என் கடைசி அத்தியாயம்."

திங்கட்கிழமை காலை ஒரு கட்டைத் தபால் பிரிவு மேசையில் வைத்துவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தார். மதியத்துக்குள் கட்டு காலி. ஒருவரும் கேட்கவில்லை. தபால் பிரிவு அண்ணன் 'தலைவலி' என்று காரணம் எழுதினார். தட்டச்சு அம்மா 'ஏற்கெனவே தெரிவித்தபடி' என்று எழுதினார். புதிதாகச் சேர்ந்தவர், பயந்த சுபாவம், 'இனி நடக்காது' என்று எழுதினார். நானும் ஒன்றை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் காரணம் என்பது பெரிய கேள்வி. 'கடவுள் சித்தம்' என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை சுற்றறிக்கை வந்தது: தாமதமாக வரும் பச்சைப் படிவங்கள் ஏற்கப்படமாட்டா. வெள்ளிக்கிழமை கோப்பு திறந்தார்கள். அடுத்த மாதம் இரண்டு பிரதி கேட்டார்கள். அதன் பிறகு பூட்டு போட்ட அலமாரி, அந்தப் பூட்டுக்கு ஒரு குமாஸ்தா. தம்பிக்கு முதல் வாரம் ஆனந்தம். கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கையில்தான், காட்ட வேண்டிய படைப்பு பூட்டுக்குள் இருப்பது உறைத்தது. மேலாளரிடம் ஓடினார். நான் அங்கேதான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், அந்தப் பச்சைக் காகிதமெல்லாம் எனக்கு வேணும். அது நான் செஞ்சது."

"நீங்க செஞ்சதா? அது மேலிடத்துலேர்ந்து வந்ததுங்க."

"இல்ல சார், நான்தான் அச்சடிச்சேன். அது ஒரு கலைப் படைப்பு."

"என் கையெழுத்து இருக்கே அதுல! ஆபீஸ் ஆவணம். மூணு வருஷம் வெளிய போகக் கூடாது."

"மூணு வாரத்துல நான் குடுக்கணும் சார்! இல்லன்னா ஏழு வருஷம் போச்சு!"

மேலாளர் இரக்கமுள்ளவர். இழுப்பறையைத் திறந்து ஒரு பச்சைக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இத நிரப்பிக் குடுங்க. பாக்கலாம்."

தம்பி நிரப்பினார். மறுநாள் திரும்பி வந்தது. 'காரணம் போதாது.'

மாடிப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, காகிதம் வெளிய போகக் கூடாதுன்னுதானே சொன்னாரு? பரீட்ச வாத்தியாருங்க உள்ள வரக் கூடாதுன்னு சொல்லலியே?"

வந்தார்கள். மூன்று பேர், மூவரும் பேராசிரியர்கள், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக உலகத்தைப் பார்க்கிறவர்கள். வரவேற்பு மேசைப் பெண் வழக்கப்படி ஆளுக்கொரு பச்சைக் காகிதத்தை நீட்டினாள். தூணுக்குப் பின்னாலிருந்து தம்பி கழுத்தை நீட்டினார். படித்தவர்கள்! கேட்டுவிடுவார்கள்! முதலாமவர் 'ஆய்வு' என்று எழுதினார். இரண்டாமவர் எட்டிப் பார்த்து 'மேற்படி' என்று எழுதினார். மூன்றாமவர் பேனாவை நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கினார். கேட்டார்:

"இது எத்தன பிரதிம்மா?"

பிறகு என்ன? அலமாரியைத் திறந்து, முதல் காகிதத்திலிருந்து, கீழே அவர்கள் இப்போதுதான் எழுதிக் கொடுத்த காகிதங்கள்வரை வரிசையாக மேசையில் பரப்பி, தம்பி விஷயத்தைச் சொன்னார். மூவரும் குனிந்து தங்கள் காகிதத்தைத் தேடினார்கள். அப்புறம் மூத்தவர் சிரித்த சிரிப்பில் என் தட்டில் இருந்த தேநீர் தளும்பியது. பட்டம் கிடைத்துவிட்டது.

"எங்க மூணு காகிதத்த மட்டும் திருப்பிக் குடுத்துடுங்களேன்," என்றார் மூன்றாமவர், தாழ்ந்த குரலில்.

"ஆவணம் சார். மூணு வருஷம்," என்றார் மேலாளர்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற குமாஸ்தா, "அப்ப இத நிறுத்திடலாங்களா?" என்றார்.

மேலாளர் யோசித்தார். "நிறுத்தறதுக்கு ஒரு காரணம் வேணுமேய்யா."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் தெருவில் நாலு பேர் பள்ளம் தோண்டும்போது கைகட்டி நின்று, 'கடப்பாறையை இன்னும் சாய்த்துப் பிடித்தால் சுலபம்' என்று அரைமணி நேரம் சொன்னீர்களே, அது எந்த ஆராய்ச்சி? 'நான் அந்த இனம் இல்லை, நான் உண்டு என் வேலை உண்டு' என்கிறீர்களா? சரி. நேற்று கடைசியாக எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள், எதற்காகப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள், பார்ப்போம். ஆக, ஒன்று நீங்கள் முக்காலியில் இருக்கிறீர்கள், இல்லாவிட்டால் அலமாரியில் இருக்கிறீர்கள். நான் அலமாரியில் இருப்பதை மேலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

கடைசி நாள் தம்பி சொல்லிக்கொண்டு போக வந்தார். "இனி என்ன தம்பி, நல்ல வேலையா ஒண்ணு பாத்து அம்மாவ நிம்மதியா வெச்சுக்கங்க," என்றேன். தலையை ஆட்டினார், புரிந்து ஆட்டினாரா என்பது தெரியவில்லை. படியில் பாதி இறங்கியவர் நின்று, திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அடுத்தது ஆஸ்பத்திரிக்கா. காத்திருக்கறவங்களப் பத்தி. இந்தத் தடவ காகிதமே கிடையாது, யாருக்கும் தொந்தரவே குடுக்க மாட்டேன், சத்தியமா. வெறும் சுவரு ஒண்ணப் பாத்து, நான் ஒரே ஒருத்தன் வரிசையில நிக்கப் போறேன், அவ்வளவுதான்."