துடைப்பத்தைக் கண்டதும் இறங்கும் சர்க்கரை

இனி இந்த ஜென்மத்தில் வீட்டு வேலையில் கை வைப்பதில்லை என்று டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் தீர்மானித்தது, டாக்டரம்மாவின் அறை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது. பெரிய தீர்மானம் எடுக்கிறவர்கள் வானத்தையாவது பார்த்து எடுப்பார்கள். இவர், இரண்டும் தன் செருப்புதானா என்று பார்த்துக்கொண்டே எடுத்தார்.

அவர் தொழிலே அப்படி. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிவார். இவர் பக்கத்து சீட்டில் சாய்ந்தபடி, தனக்கென்று வைத்திருக்கும் தனி பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு அதட்டுவார். ஊரார் உழைக்க, தான் உட்கார்ந்து குறை சொல்ல வேண்டும். அதற்குச் சம்பளமும் வேண்டும். வீட்டிலும் அதே ஏற்பாடுதான். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் குடும்பத்தை ஓட்டியது மனைவி. பிரேக் போட்டது இவர்.

போன வாரம் மனைவிக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஐயா வீடு துடைக்கக் கிளம்பினார். சர்க்கரை நோய்க்கு வழக்கமாகப் போடும் இன்சுலினைத் தொடையில் குத்திக்கொண்டார். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் குளித்தார். பிறகு குந்தி உட்கார்ந்து முன்னறையைத் துடைக்க ஆரம்பித்தவர், பாதியிலேயே வியர்த்து, வாய் குழறி, வாளிக்குப் பக்கத்தில் சரிந்தார். மனைவி பதறிப்போய், சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து அவர் விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை ஐம்பத்தெட்டு. சுளுக்கிய கையாலேயே சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தாள். அன்று அவள் நிஜமாகவே பயந்துபோனாள்.

நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"வழக்கமா சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாத்தான் லோ சுகர் ஆகும். உங்களுக்கு ஆனது வேற மாதிரி. தொடையில ஊசி போட்டுட்டு அந்தக் காலுக்கே வேலை கொடுத்தா, மருந்து சரசரன்னு ரத்தத்துல ஏறிடும். சுடுதண்ணிக் குளியலும் அதே வேலையைத்தான் செய்யும். இனிமே ஊசியை வயித்துல போடுங்க. ரொம்பச் சூடா குளிக்காதீங்க."

ஊசியும் சுடுதண்ணீரும் வாத்தியாரின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறின. வீட்டு வேலை செய்தால் சர்க்கரை இறங்கும் என்பது மட்டும் உள்ளே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

மறுநாளே திருவிளையாடல் தொடங்கியது.

"என்னங்க, கொடியில காயுற துணியை எடுத்துட்டு வாங்க."

"எடுக்கலாம். கை நடுங்குதே."

"எங்க, நீட்டுங்க."

நீட்டினார். நடுங்காத கையை நடுங்க வைப்பது லேசான காரியமில்லை. அந்த உழைப்பில் நாலு வீட்டுத் துணியை எடுத்து மடித்திருக்கலாம்.

மெஷின் நூற்று அறுபது என்றது.

"நல்லாத்தானே இருக்கு?"

"அது மந்தமான மெஷின். என் உடம்புக்கு இன்னைக்குத் தெரியறது அதுக்கு நாளைக்குத்தான் தெரியும்."

"அப்போ சர்க்கரைத் தண்ணி கலக்கட்டுமா?"

"தண்ணி எதுக்கு? அந்த ஜாம் பிஸ்கட் ரெண்டு குடு, போதும்."

பூண்டு உரிக்கச் சொன்னால் கண் இருட்டியது. தட்டைக் கழுவச் சொன்னால் கால் துவண்டது. குப்பைக் கூடையைப் பார்த்தாலே பேச்சு குழறியது. வேலையை வேறு யாராவது முடித்ததும் மனிதர் தெளிந்துவிடுவார். இடுப்பில் தொங்கும் சாவியை எடுத்து டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறிவிட்டாலோ சிங்கம்தான். தெருக்கோடி வரை அவர் அதட்டல் கேட்கும்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் மெஷினை மட்டும் எடுத்து வந்து விரலைக் குத்திப் பார்த்தாள். புலி வருது கதையில் ஒருநாள் புலி நிஜமாகவே வந்துவிடுமே என்ற கவலை அவளுக்கு. அவருக்கு அந்தக் கவலைகூட இல்லை. மனைவி வாயை மூடிக்கொண்டால் தான் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறவர் கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆனாலும் ஒன்றும் கற்றுக்கொள்ளாதவர்.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"டாக்டர், இவருக்கு இப்பல்லாம் எதைத் தொட்டாலும் லோ சுகர் ஆகுது. பாக்கவே பாவமா இருக்கு."

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது. "ரொம்ப மோசம் டாக்டர். பூண்டு ரெண்டு பல்லுதான் உரிச்சேன். கண்ணு இருட்டிடுச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கண்ணு இருட்டுச்சா? அப்படின்னா நீங்க கார்ல உட்காரவே கூடாது. நடுரோட்டுல இருட்டினா என்ன ஆகும்? பக்கத்துல இருக்கறவருக்கும் ஓட்டத் தெரியாது. சர்டிபிகேட் எழுதித் தரேன், டிரைவிங் ஸ்கூல்ல கொடுத்து லீவு எடுத்துக்கோங்க."

வாத்தியார் இருதலைக்கொள்ளி எறும்பானார். அந்த சீட் போய்விட்டால் யாரை அதட்டுவது? அந்த பிரேக்கும் போய்விட்டால் அவரை யார் மதிப்பார்கள்? அவருக்கு நிஜமாகவே வியர்த்தது.

"டாக்டர், யோசிச்சுப் பார்த்தா அது லோ சுகர் இல்லைன்னு தோணுது."

"பின்னே?"

"பூண்டு வாடையா இருக்கும்."

"துணி எடுக்கச் சொன்னப்போ?" என்றாள் மனைவி.

"வெயில்."

"குப்பையைக் கொட்டச் சொன்னப்போ?"

வாத்தியார் தன் கால்விரல்களைப் பார்த்தார். "அது சும்மா."

"சும்மான்னா?" என்றார் டாக்டரம்மா.

"சும்மான்னா... நடிச்சேன்."

டாக்டரம்மா பேனாவை மறுபடி எடுத்தார். "ரொம்ப நல்லது. வயித்துல ஊசி போட்டு, சாப்பிட்டு, சுகர் பார்த்துட்டு தாராளமா வீடு துடைங்க. உடம்புக்கும் நல்லது. ஆனா நிஜமா மயக்கம் வந்தா மறைக்காதீங்க. அன்னைக்குக் கார் பக்கம் போகக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மனைவியின் மணிக்கட்டில் கட்டு இல்லை. அது எப்போது அவிழ்ந்தது என்று கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. அவள் தையல் மெஷினை மிதிக்க, அவர் வாளியும் துணியுமாக முன்னறையைத் துடைத்தார். பாதி அறை முடிந்ததும் பழைய குணம் எட்டிப் பார்த்தது.

"தலை லேசா சுத்துற மாதிரி இருக்கு."

அவள் உடனே எழுந்து வந்தாள். விரலைக் குத்திப் பார்த்தாள். நூற்று முப்பது. சர்க்கரை மெஷினை உறையில் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

"என்ன?"

"கார் சாவி."

வாத்தியார் துணியைப் பிழிந்தார்.

"கொஞ்சம் நகர்ந்து நில்லு. அலமாரிக்கு அடியில இன்னும் துடைக்கல."