பீரங்கிப் பிள்ளையும் ஏழு சிரட்டையும்

மோட்டார் காரில் ஏறிப் போவதற்காக அதை வாங்கியவர்கள் திருவிதாங்கூரில் பலர் உண்டு. அதன் அடியில் படுத்துக்கொள்வதற்காகவே வாங்கியவர், எனக்குத் தெரிந்து, பீரங்கிப் பிள்ளை ஒருவர்தான்.

மகாராஜா ஆண்டுகொண்டிருந்த காலம். நான் பாறசாலையில் பத்திரம் பதிகிற கச்சேரியில் குமாஸ்தா. கல்யாணமாகி ஆறு மாதம். பிள்ளையின் வீட்டை ஒட்டிய சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் "பீரங்கிப் பிள்ளை, பாறசாலை" என்று எழுதிய கடிதங்களையே அஞ்சல்காரன் தவறாமல் கொண்டுவந்து சேர்த்ததால், அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவில்லை.

முப்பது வருஷம் நெய்யாற்றின்கரை தாலுக்கா கச்சேரியில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலையோரத் தோட்டத்துத் துரை ஒருவர் தன் நாட்டுக்குக் கப்பலேறும் சமயத்தில் தன்னுடைய பழைய காரை விற்றார். பிள்ளை வாங்கினார். துரை ஏன் அவ்வளவு சிரித்த முகத்தோடு கப்பலேறினார் என்பது பிள்ளைக்கு ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது.

வண்டிக்கு இரண்டு சீக்கு. ஒன்று, புகைக்குழலில் மூன்று இடத்தில் ஓட்டை. சத்தத்தை அடக்க வேண்டிய சைலன்சர் பெட்டி துருப்பிடித்துப் பிளந்து, சத்தத்தை வளர்க்கிற பெட்டியாக மாறியிருந்தது. வண்டி அமரவிளையில் கிளம்பினால் பாறசாலையில் கோழிகள் கூட்டுக்குள் போய்விடும். இரண்டு, எண்ணெய் ஒழுக்கு. வண்டி போன வழியெல்லாம் கறுப்புச் சொட்டு. பிள்ளை யார் வீட்டுக்குப் போனார், அங்கே எவ்வளவு நேரம் நின்றார், காப்பி கொடுத்தார்களா இல்லையா என்பதைச் சொட்டின் அகலத்தைப் பார்த்தே ஊர் சொல்லிவிடும்.

இந்த வண்டியை அவர் வாங்கியது மனைவிக்காக. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மாளை நாங்கள் எல்லாரும் அக்கச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு முழங்கால் வாதம். காட்டாக்கடையில் கட்டிக்கொடுத்த தங்கையைப் பார்க்க மாட்டுவண்டியில் போனால், போகிற வலி தீர்வதற்குள் திரும்புகிற வலி வந்துவிடும். அதனால் போவதையே நிறுத்தியிருந்தார்.

வண்டி வந்த முதல் வாரம் அக்கச்சி வெள்ளைச் சரிகைச் சீலை உடுத்திப் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். காட்டாக்கடைப் பயணம். அடிப்பலகை இடுக்கு வழியாகப் புகை உள்ளே வந்தது. அமரவிளை போய்ச் சேர்வதற்குள் சீலை எந்த நிறத்தில் கடையில் வாங்கியது என்று அக்கச்சிக்கே சந்தேகம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

பிள்ளை வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தார். முன்னால் அக்கச்சி நொண்டி நொண்டி நடக்கிறார். பத்தடி பின்னால் பீரங்கி முழங்கிக்கொண்டு வருகிறது. "ஏறு, ஏறு" என்று பிள்ளை கத்துகிறார். அவர் கத்துவது அவருக்கே கேட்கவில்லை. உதியன்குளங்கரை வரைக்கும் இப்படியே ஊர்வலம். ஏதோ கோயில் எழுந்தருளல் என்று நினைத்து இரண்டு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்களாம். கடைசியில் அக்கச்சி ஒரு மாட்டுவண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டார். ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இஞ்ச கேளுங்க. உங்களுக்க வண்டியில புகையும் எண்ணெயும் நிண்ண அன்னைக்கு நான் ஏறுதேன். அது வரைக்கும் எனக்கு எனக்க காலு உண்டு."

அன்றைக்கு வண்டிக்கு அடியில் போனவர்தான் பிள்ளை. இரண்டு வருஷம் வெளியே வரவில்லை. சாப்பிடவும் தூங்கவும் வந்தார் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை.

எனக்கும் இந்த விவகாரத்துக்கும் ஆரம்பத்தில் ஒரு தொடர்பும் இல்லை. ஒருநாள் என் மனைவி ஒரு கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இது காலம்பற வெள்ளையா காயப் போட்ட வேட்டியாக்கும். இதைக் கெட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போனா சபரிமலைக்கு மாலை போட்டுருக்கியளான்னு கேப்பாவ. அந்த மனுசனிட்ட போய் ரெண்டு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வாங்க."

நறுக்கென்று கேட்கத்தான் போனேன். முற்றத்தில் இரண்டு ஆட்டுரலையும் நாலு பனந்தடியையும் முட்டுக்கொடுத்து வண்டியை உயர்த்தி வைத்திருந்தார். அடியில் இரண்டு கால் மட்டும் தெரிந்தது.

"பிள்ளைவாள், இந்தப் புகை..." என்று தொடங்கினேன். ஒரு கை வெளியே வந்து மண்ணெண்ணெய் விளக்கை நீட்டியது.

"வாரும் ஓய். நல்ல நேரத்துல வந்தீரு. இதைக் கொஞ்சம் உள்ள வந்து பிடியும். அந்தால இருட்டாக்கும்."

ஒரு மணி நேரம் கழித்து என் மனைவி தேடிக்கொண்டு வந்தபோது வண்டிக்கு அடியில் நாலு கால் இருந்தது.

எண்ணெய் ஒழுக்கைப் பிள்ளை ஒரு ரிப்பேராகக் கருதவில்லை. விசாரணையாகக் கருதினார். சர்க்கார் கச்சேரியில் முப்பது வருஷம் இருந்தவர் அல்லவா? தனியாக ஒரு ஃபைல் திறந்தார். சொட்டுகிற இடங்களுக்குக் கீழே ஏழு தேங்காய்ச் சிரட்டை வைத்து ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் எண் போட்டார். காலையில் அளந்து எழுதுவார். "மூணாம் சிரட்டை நேத்தைக்கு விட அடங்கியிருக்கு. அஞ்சாம் சிரட்டை எதிர்க்கட்சியாக்கும்" என்பார்.

ஒழுக்கின் பிறப்பிடம் தெரியவேண்டுமே! இன்ஜினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, அக்கச்சி புட்டுக்கு இடித்து வைத்திருந்த மாவை அதன் மேல் பூசினார். கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினால், எண்ணெய் கசிகிற இடத்தில் மாவு நனைந்து காட்டிக்கொடுக்கும். அருமையான யோசனை. காட்டியும் கொடுத்தது. இன்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டி இருக்கிறதே, அது இன்ஜினோடு சேரும் விளிம்பு முழுக்க ஈரம். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் பாறசாலையிலிருந்த எறும்பு முழுவதும் இன்ஜினுக்குள் குடியேறியிருந்தது. வண்டியைக் கிளப்பியதும் அவையும் கிளம்பின. நாங்கள் இருவரும் குளத்துக்கு ஓடினோம்.

தொட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்க மெத்தை மாதிரி ஒன்று வேண்டும். முதலில் கிழிந்த செண்டை மேளத்தின் தோலை வெட்டி வைத்தார். எண்ணெயில் ஊறி அப்பளமாகப் பொரிந்தது. அப்புறம், தக்கைதான் சரி என்று எதிலோ படித்தார். பாறசாலையில் தக்கை எங்கே கிடைக்கும்? அரிஷ்டக் குப்பியின் வாயில்தான்.

வைத்தியரிடமிருந்து நாற்பது குப்பி தசமூலாரிஷ்டம் வந்து இறங்கியது. குழந்தை பெற்ற பெண்கள் குடிக்கிற மருந்து அது. தக்கையை எடுத்துவிட்டால் மருந்து கெட்டுப்போகும், அதனால் வீணாக்கக்கூடாது என்று பிள்ளை தெருவுக்கெல்லாம் ஊற்றிக்கொடுத்தார். என் பங்கு ஐந்து குப்பி. அந்த மாதம் நான் நாலு நேரம் சாப்பிட்டேன். கச்சேரியில் என்னுடைய மேலதிகாரி, என் மேல் அரிஷ்ட வாசம் பிடித்து, "வீட்டுல விசேஷமாடே?" என்று கேட்டார். விசேஷம் எனக்குத்தான் என்று எப்படிச் சொல்வது?

தக்கையைச் சீவி, சக்கைப் பாலை, அதாவது பலாப் பிசினை, உருக்கி ஒட்டி, தொட்டியை முறுக்கி மாட்டினோம். வண்டி சூடானதும் சக்கைப் பால் இளகியது. எண்ணெயோடு சேர்ந்து அதுவும் ஒழுகியது. அதன்பின் ஒரு வாரம் வண்டி போன இடமெல்லாம் பலாப்பழ வாசம். ஒழுக ஒழுகப் பிள்ளை திருகாணிகளை இன்னும் முறுக்கினார். முறுக்க முறுக்க இன்னும் ஒழுகியது.

புகைக்குழல் கதை தனி. ஓட்டைகளின் மேல் மண்ணெண்ணெய் டின் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டினார். இரண்டு மைலில் தகரம் எரிந்து பறந்தது. பிறகு களிமண்ணும் சாம்பலும் குழைத்து அப்பி, மேலே கயிறு சுற்றினார். கயிறு பற்றிக்கொண்டது. பின்பக்கம் தீயோடு வண்டி சந்தைக்குள் நுழைந்தபோது, சந்தையில் யாரும் ஓடவில்லை. அதற்குள் எல்லாருக்கும் பழகியிருந்தது. ஒரு மீன்காரி மட்டும், "பிள்ளே, கொஞ்சம் நில்லுங்க, சுருட்டு பத்த வச்சுக்கிடுதேன்" என்றாளாம்.

இரண்டு வருஷம் ஆனது. அக்கச்சி ஒருநாள்கூட ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. ஆட்டுரல் இரண்டும் வண்டிக்கு அடியில் இருந்ததால் அந்த வீட்டில் தோசை சுட்டே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதையும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிள்ளைக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு நாள் காட்டாக்கடையிலிருந்து தகவல் வந்தது. தங்கைக்கு உடம்பு சுகமில்லை, அக்காளைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று. அக்கச்சி மாட்டுவண்டிக்குச் சொல்லிவிடச் சொன்னார். பிள்ளை முற்றத்தில் நின்றபடி வானத்தைப் பார்த்தார். "நாலு நாளு பொறுப்பியா?" என்று கேட்டார். மனைவியிடம் அவர் எதையாவது கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கச்சி, "நாலு நாளு மதியா? போருமா?" என்றார்.

அன்றைக்கே கொல்லன் வந்தார். இரண்டு வருஷமாகப் பிள்ளை அவரைக் கூப்பிடாததற்குக் காரணம், வெளி ஆள் கைவைத்தால் விசாரணை கெட்டுவிடும் என்பது. கொல்லன் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி வெயிலில் பிடித்து, விளிம்போடு ஒரு கண்ணை ஓட்டினார். பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூத்த பிள்ளே, இதை முறுக்குனது ஆரு?"

"நான்தான்."

"ஒழுகும்போதெல்லாம் முறுக்கினியளோ?"

"பின்னே? ஒழுகினா முறுக்கண்டாமா?"

"விளிம்பு பாம்பு போல வளைஞ்சு கெடக்கு. தக்கை என்ன செய்யும்? இப்ப வண்டி தானா ஒழுகல்ல மூத்த பிள்ளே. நீங்க ஒழுக வச்சதாக்கும்."

பிள்ளை உள்ளே போய் ஃபைலை எடுத்துவந்தார். கடைசிப் பக்கத்தில், "விசாரணை முடிந்தது. குற்றம் விசாரணை அதிகாரியின் பேரில் ருசுவாகிவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக என்னிடமும் கையெழுத்து வாங்கினார்.

கொல்லன் விளிம்பைப் பட்டறையில் வைத்துத் தட்டி நேராக்கினார். தக்கையை வைத்து, திருகாணிகளை ஒரே பக்கமாக முறுக்காமல் எதிரும் புதிருமாக, விரல் பலத்துக்கு மேல் கொஞ்சம் மட்டும் முறுக்கினார். பழைய புகைக்குழலைத் தூர எறிந்துவிட்டு இரும்புத் தகட்டை உருட்டி ஆணி அடித்துப் புதுக்குழல் செய்தார். சைலன்சர் பெட்டிக்குள், துளையிட்ட தகடு ஒன்று போதும் என்றார். பிள்ளை மூன்று போடச் சொன்னார். கொல்லன் மூன்று போட்டார்.

நாலாம் நாள் காலை வண்டியைக் கிளப்பினோம். கிளம்பவில்லை என்று நினைத்து நான் மறுபடியும் முன்பக்கக் கைப்பிடியைச் சுற்றப் போனேன். "ஓய், கையை எடும்! ஓடுதாக்கும்!" என்று பிள்ளை அலறினார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. புகை இல்லை. ஏழு சிரட்டையும் உலர்ந்திருந்தன.

அக்கச்சி ஒரு வெள்ளைச் சீலை உடுத்தி வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினார். நான் முன்னால், ஓட்டுகிற பிள்ளைக்குப் பக்கத்தில்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நாங்கள் யோசிக்காமல் விட்டோம். அந்த வண்டிக்கு ஹாரன் கிடையாது. தேவைப்பட்டதே இல்லை என்பதால் அதன் ரப்பர் உருண்டையைப் பிள்ளை வாஷருக்காக வெட்டிவிட்டார். சாலையில் ஒருவரும் விலகவில்லை. பூனைபோல முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிற காரை யார் எதிர்பார்ப்பார்கள்? உதியன்குளங்கரை தாண்டி முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. பிள்ளை தலையை நீட்டிக் கத்தினார்.

"எலே மக்கா, ஒதுங்கு! பீரங்கிப் பிள்ளைக்க வண்டி வருது!"

வண்டிக்காரன் திரும்பாமலே பதில் சொன்னான். "யாருட்ட கதை விடுதீரு? பிள்ளைக்க வண்டி வந்தா எனக்க காளை இந்நேரம் நெய்யாற்றின்கரை சேர்ந்திருக்கும்."

அந்தச் சமயம் பார்த்துக் காளை குறுக்கே ஓர் அடி எடுத்து வைத்தது. பிள்ளை ஸ்டியரிங் வளையத்தை ஒடித்துத் திருப்பினார். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் சாலையை விட்டிறங்கி, மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளைக்குள் போய், நனைந்த மண்ணில் பாதிச் சக்கரம் புதைந்து நின்றது.

பிள்ளை குதித்தார். அக்கச்சிக்கு அடிபட்டதா என்று பார்ப்பார் என்று நினைத்தேன். நேராகச் சேற்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒரு சொட்டு இல்ல! கேக்குதா? ஒரு சொட்டு இல்ல!"

விளையில் மரச்சீனி பிடுங்கிக்கொண்டிருந்த நாலு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அக்கச்சியைப் பார்த்து, "அம்மா கொஞ்சம் எறங்கி நிண்ணா பாரம் குறையும்" என்றார்.

அக்கச்சி இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சீலை முந்தானையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

"நான் எறங்க மாட்டேன். ரெண்டு வருசம் காத்திருந்து ஏறுனதாக்கும்."

சேறு வழிகிற முகத்தோடு பிள்ளை அடியிலிருந்து எழுந்து வந்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அவ எறங்கண்டாம். தள்ளுங்க."

தள்ளினோம். ஒரு மணி நேரம் தள்ளினோம். நாங்கள் மூச்சு வாங்கிய போதெல்லாம் அக்கச்சி உள்ளேயிருந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தார். வண்டி சாலை ஏறியது. மத்தியானத்துக்குள் காட்டாக்கடை சேர்ந்தோம். சத்தம் கேட்காததால் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. அக்கச்சியே இறங்கிப்போய்க் கதவைத் தட்டினார். உள்ளே அக்காளும் தங்கையும் ஒரே நேரத்தில் பேசுகிற குரல் கேட்டது. பிள்ளை படலைக் கதவுக்கு வெளியே, காரின் படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் அவர் வண்டிக்கு வெளியே அத்தனை நேரம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இன்றைக்கு அவரும் இல்லை, அக்கச்சியும் இல்லை. அன்று தள்ளியதில் என் இடுப்பில் ஒரு பிடிப்பு விழுந்தது. மழைக்காலம் வந்தால் இப்போதும் அது எழுந்து உட்கார்ந்துகொள்ளும். நல்ல தைலம் ஒன்று இருக்கிறது, பத்தே நாளில் போய்விடும் என்கிறார் வைத்தியர். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பிள்ளை எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான்.