நான்கு நிறக் கோடுகள்

"என்னங்க, உங்க விடை வேற, என் விடை வேறயா இருக்கே!"

ஆராய்ச்சிக்காரி கணவரின் தாளையும் தன் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்று பதினொரு மணிக்கு அறிஞர்கள் முன்னால் அவள் நிரூபிக்கப்போவதே, அந்தச் சமன்பாட்டுக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என்பதை.

சுவருக்குள் சூடு பரவுவதைச் சொல்லும் பின்ன வகைக்கெழுச் சமன்பாடு அது. மற்ற சமன்பாடுகள் இந்த நொடியை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இதுவோ, சுவர் ஆதியிலிருந்து வாங்கிய வெயில் அத்தனையையும் மறக்காது. இவ்வளவு ஞாபகத்தைச் சுமந்தும் அந்தச் சூடு போக ஒரே வழிதான் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு மெய்சிலிர்க்கும். ஏழு வருட உழைப்பு.

இப்போது சாப்பாட்டு மேசையில் இரண்டு விடைகள். அவளுடையது முடிவில்லாத கூட்டல். கணவருடையது ஒரு தொகையீடு. இரண்டுக்கும் முகஜாடையே இல்லை.

"நான் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்தான். ஆனா தப்பா போடல" என்றார் கணவர்.

"அப்ப நான் போட்டேனா?"

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?" என்று அவர் உஷாராக ரொட்டியைக் கடித்தார்.

வேறு முறையில் போட்டுப் பார்த்தாள். மூன்றாவதாக ஒன்று முளைத்தது. பதறிப்போய்த் தன் பழைய பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

"எனக்கு நாலாவதா ஒண்ணு வருதே! ஒண்ணுதான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கியேம்மா. கூட்டத்த நிறுத்திடலாமா?"

நான்கும் எங்கே பிரிகின்றன என்றாவது பார்த்துவிடலாமென்று கல்லூரிக்கு ஓடினாள். நான்கு விடைகளையும் கணினியில் வரைபடக் கோடுகளாக்கி அச்சு அறைக்கு அனுப்பினாள்.

"ஒரே தாள்ல, நாலையும் நாலு கலர்ல போட்டுக் குடுங்க" என்று அச்சு அறைக்காரரிடம் சொல்லிவிட்டு, அரங்கத்து வாசலில் போய் நின்றாள். உள்ளே நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஏழு வருடமும் வீண் என்று எந்த வாயால் சொல்வது?

அச்சு அறைக்காரர் தாளும் கையுமாகத் தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"மெஷின் கெட்டுப்போச்சு போலம்மா. நாலு கலர் மையும் நல்லாத்தான் இருக்கு, ஆனா எத்தன தடவ போட்டாலும் ஒண்ணு மேலயே ஒண்ணு ஏறி, ஒரே ஒரு கோடாத்தான் வருது!"